மிஸ்பா மிஸ் இந்த வருஷம் வரவில்லை

கோட்டைமேட்டிலிருந்து வெளியே வருகிற தெருமுனையில் மணல் மூட்டைகளை அடுக்கி, குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் நகரத்தில் குண்டுகள் வெடித்ததிலிருந்து அந்தப் பகுதிக்காரர்கள் யாரும் பையைத் திறந்து காட்டாமல் அந்த மூங்கிலைத் தாண்ட முடியாது. மிஸ்பா தன் பையைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், பூதக்கண்ணாடி. அதற்கடியில், துணியால் வாய் கட்டிய இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள்.

பெண் போலீஸ் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே எருக்கிலைகள். இலைகளின்மேல் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிபோட்ட புழுக்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

"இது என்னம்மா?"

"புழுவுங்க."

"புழுன்னு தெரியுது. எதுக்கு?"

"பட்டாம்பூச்சி ஆகுமுங்க. குழந்தைகளுக்குக் காட்டறதுக்கு எடுத்துட்டுப் போறேன். தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு சம்மர் கேம்ப்ல டீச்சரா இருக்கேனுங்க."

போலீஸ்காரி வேற்றூர்க்காரி. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. பாட்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பின்னால் நின்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்கள். எல்லோரும் அப்படி நிற்கப் பழகிப்போயிருந்தார்கள்.

"கடிக்குமா?"

"கடிக்காதுங்க."

"சரி, போ."

மிஸ்பா பாட்டில்களைப் பத்திரமாக உள்ளே வைத்து, துப்பட்டாவை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு டவுன்ஹால் பக்கம் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செல்வபுரம் தாண்டியதும் முக்காட்டை இறக்கித் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டாள். இந்த வருஷம் புதிதாக வந்த பழக்கம் அது.

அவளுக்கு இருபத்தேழு வயது. தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் வரதராஜுலு என்பவருடைய தென்னந்தோப்பு இருந்தது. மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கோடை விடுமுறையில் நகரத்துக் குழந்தைகளை வேனில் வரவழைத்து, பகல் முழுக்கத் தோப்பிலும் பக்கத்து ஓடைப் பள்ளத்தின் கரையிலும் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் அவரவர் வீடுகளுக்குத் திருப்பி அனுப்புகிற இயற்கை முகாம் ஒன்றை நடத்தி வந்தார். செடி, மரம், பூச்சி, பறவை எல்லாம் மிஸ்பாவின் பொறுப்பு. விளையாட்டுக்கும் படம் வரைவதற்கும் பிரவின்குமார் என்ற கல்லூரி மாணவன் இருந்தான். சமையலுக்குக் கனகம். மூன்று பேருக்கும் இது மூன்றாவது கோடை.

முகாம் தொடங்குவதற்கு முந்தின வாரம் வரதராஜுலு அவளைத் தோப்புக்கு வரச் சொல்லியிருந்தார். கனகம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வருஷம் கேம்ப் நடக்குமான்னே சந்தேகமா இருந்துச்சு அம்மணி. போன வருஷக் கணக்குல பாதிகூடச் சேரலை. பெத்தவங்க போன் பண்றாங்க. பஸ்ஸு வேனெல்லாம் கேக்கறதில்லை. டீச்சருங்க யாரு, எந்த ஊருன்னு கேக்கறாங்க."

மிஸ்பா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வேண்டாமுன்னா சொல்லிருங்க சார்."

"நீ இல்லாம நான் என்னத்த நடத்தறது? அதுவும் நெசந்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழந்தைங்க எல்லாம் மிஸ் மிஸ்ஸுன்னுதான கூப்படறாங்க. அப்படியே உட்டுப்போடலாம். யாராச்சும் பேரு கேட்டா மட்டும் மீனான்னு சொல்லிப்போடலாமா? இந்த ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் எல்லாஞ் சரியாயிரும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்கும்போது அவருடைய காதுமடல் சிவந்துவிட்டதை அவள் கவனித்தாள்.

மறுத்திருக்கலாம். மறுத்துவிட்டு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. ஒப்பணக்காரத் தெருப் பக்கம் அவள் அத்தா முஸ்தபா வைத்திருந்த பூட்டு, கீல் கடை நவம்பர் கலவரத்தில் எரிந்துபோனது. தம்பி ரியாஸ் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தான். அவனுக்குச் சமைத்துப் போட அம்மாவும் போய்விட்டாள். வீட்டில் அத்தாவும் அவளும்தான். அத்தா காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, கடைக்குக் கிளம்புகிறவர்போலத் தயாராகி, நாற்காலியில் உட்காருவார். பொழுது சாய்ந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பேச்சு குறைந்துவிட்டது. மிஸ்பா தற்காலிக ஆசிரியையாக இருந்த பள்ளியில் மார்ச் மாதம் அவளைக் கூப்பிடவில்லை. கூடப் படித்த சிநேகிதியின் வீட்டுக்கு ஒருமுறை போனாள். சிநேகிதியின் அம்மா கேட்டைத் திறக்காமலே, "அவ ஒறம்பரை ஊட்டுக்குப் போயிருக்கறா" என்றாள். உள்ளே சிநேகிதியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் அவளோடு உட்கார்ந்து பேசினவர்கள் என்று யாரும் இல்லை.

குழந்தைகள் பேசுவார்கள். பதில் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

"சரிங்க சார்" என்றாள்.

அப்படித்தான் அவள் மீனா மிஸ் ஆனாள்.

முதல் இரண்டு நாட்கள் நன்றாகவே போயின. பக்கத்துத் தோப்பில் யானை வந்து இரண்டு தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. மிஸ்பா குழந்தைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். காய்ந்த லத்தி ஒன்று பெரிய பந்துபோலக் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தூர நின்றவர்களிடம் ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்து, அதைக் கிளறிப் பார்க்கச் சொன்னாள்.

"ச்சீ, மிஸ்."

"நாறாது. வைக்கோல் மாதிரித்தான் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு பாரு."

புளியங்கொட்டை இருந்தது. மூங்கில் நார் இருந்தது. பளபளவென்று கறுப்பாக ஒரு வண்டு உருண்டு ஓடியது. ஓரத்தில் குடைபோல இரண்டு சின்னக் காளான்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "இந்தக் கொட்டையைப் போட்டா மொளைக்குமா மிஸ்?" என்று ஒருத்தன் கேட்டான். "யானைக்குச் செரிக்கலையா மிஸ்?" என்று இன்னொருத்தி. அவர்களோடு இருக்கும்போது வீட்டு நினைவு வரவில்லை. எருக்கிலைப் புழுக்களில் ஒன்று மறுநாள் தலைகீழாகத் தொங்கித் தோலை உரித்துக்கொண்டு பச்சைக் கூடாகியது. அதைப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள்.

சாப்பாட்டு நேரந்தான் கஷ்டமாக இருந்தது. போன வருஷங்களில் அவளும் பிரவின்குமாரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்று, காலையில் எந்தக் குழந்தை என்ன சொல்லிற்று என்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். இந்த வருஷம் அவன் தட்டை எடுத்துக்கொண்டு வேன் டிரைவரோடு போய் உட்கார்ந்துகொண்டான். ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வேலை விஷயம் இருந்தால் வந்து சொல்வான். மீனா என்றும் கூப்பிடவில்லை, மிஸ்பா என்றும் கூப்பிடவில்லை. எந்தப் பேரும் இல்லாமலே பேசினான்.

கனகம்தான் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்தத் தம்பியோட சித்தப்பனுக்குக் குண்டு வெடிச்ச அன்னிக்குக் கால் போயிருச்சு கண்ணு. ரயிலுக்குப் போனவரு. தம்பி ஒதுங்கிப் போறதை மனசுல வெச்சுக்காத."

மிஸ்பா கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். கிணற்றுக்கு மேலே சாய்ந்திருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் துணையாக இருந்தது என்று சொல்ல முடியாது. மோட்டார் ஓடாத நேரத்தில் அது ஒன்றுதான் சத்தம்.

மூன்றாம் நாள் இளவேனில் வந்தாள்.

சூலூரில் தறி ஓட்டுகிறவர்களின் மகள். பத்து வயது. லீவுக்குச் சாயிபாபா காலனியில் அத்தை வீட்டில் தங்கி, போன வருஷமும் முகாமுக்கு வந்தவள். சேர்ந்திருக்கிற பிள்ளைகளில் பழைய ஆள் அவள் ஒருத்திதான். வேன் நிற்கிறதற்குள் குதித்து இறங்கி, "மிஸ்பா மிஸ்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து மிஸ்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"மிஸ், எங்க ஊட்டுத் தக்காளிச் செடியில நீங்க சொன்ன பூச்சி வந்துச்சு மிஸ். நான் கொல்ல உடலை."

மிஸ்பாவின் கை தானாக அந்தத் தலைமேல் போனது. அதற்குள் மற்ற குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அவங்க பேரு மீனா மிஸ்" என்றான் ஒருவன்.

"இல்லை. மிஸ்பா மிஸ்."

"மீனா மிஸ்தான். எங்க அம்மாகிட்டயே சொன்னாங்க."

"எனக்குத் தெரியும். நான் போன வருஷமே வந்தவ."

"பொய் சொல்றா."

"நான் ஒண்ணும் பொய் சொல்லலை. மிஸ், நீங்க சொல்லுங்க மிஸ்."

இளவேனில் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். சந்தேகமே இல்லாத பார்வை. வரதராஜுலு சமையல் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேன் டிரைவர் பீடியைப் பற்ற வைக்காமல் கையில் வைத்தபடி நின்றான். பிரவின்குமார் பந்துகளை எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"மீனான்னே கூப்பிடு கண்ணு" என்றாள் மிஸ்பா.

இளவேனிலின் கைகள் அவள் இடுப்பிலிருந்து நழுவின. "பொய்க்காரி, பொய்க்காரி" என்று இரண்டு பையன்கள் தாளம் போட்டார்கள். மிஸ்பா அவர்களை அதட்டினாள். தாளம் நின்றது. பிறகு இலை சேகரிக்க எல்லோரும் கிளம்பினார்கள். இளவேனில் கடைசியில் வந்தாள்.

அன்று மத்தியானம் அவளைத் தனியே கூப்பிட்டு, "இந்த வருஷம் மட்டும் அப்படிக் கூப்பிடு. வீட்டுலயும் யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். சரியா?" என்று கேட்டாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு இளவேனில் அவளோடு பேசுவதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்வாள். இலையைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துபோவாள். மீனா மிஸ் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் மரங்கொத்தியைப் பார்க்கக் கழுத்தை அண்ணாந்தபோது, அவள் செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள். அந்தத் தோப்பில் மிஸ்பாவை மிஸ்பாவாகவே தெரிந்து வந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் இப்போது தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வேன் புறப்பட்டதும் மிஸ்பா பஸ்ஸுக்காக மண் ரோட்டில் நடப்பாள். மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும். வாழைத் தோட்டங்களில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவர்கள் யாராவது, "ஏனுங்க, கேம்ப் டீச்சருங்களா?" என்று கேட்பார்கள். ஆமாங்க என்பாள். அந்தளவில் பேச்சு முடிவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. வீட்டில் அத்தா, "சாப்பிட்டியாம்மா?" என்பார். அவரிடம் மீனாவைப் பற்றி அவள் சொல்லவே இல்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்கூட்டரிலும் காரிலுமாக வந்து இறங்கினார்கள். கனகம் மோர் கரைத்து வைத்திருந்தாள். குழந்தைகள் தாங்கள் ஒட்டி வைத்த இலைகளையும், பறவை இறகுகளையும், பட்டாம்பூச்சிக் கூடுகளையும் அப்பா அம்மாவுக்குக் காட்டினார்கள். பெல்ட்டில் பேஜர் மாட்டியிருந்த ஒருவர், யானை லத்தியிலிருந்து தன் மகன் எடுத்த புளியங்கொட்டையைக் கையில் வாங்கத் தயங்கி, பிறகு வாங்கிச் சிரித்தார். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

இளவேனிலின் அம்மா சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. மோர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு வரதராஜுலுவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, மிஸ்பா மிஸ்ஸுன்னு இருப்பாங்களே, அவங்க எங்கீங்க? போன வருஷம் தறி வேலையில வர முடியலீங்க. இவ ஊட்டுக்கு வந்ததுலிருந்து வாயைத் தொறந்தா அவங்க பேச்சுத்தானுங்க. எறும்பு போனாக்கூட மிதிக்க உடறதில்லை. ஒருக்கா நேர்ல பார்த்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

சுற்றியிருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். மிஸ்பா இரண்டடி தள்ளி, கூடுகள் தொங்கிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவங்க இந்த வருஷம் வரலீங்க" என்றார் வரதராஜுலு.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஊருக்குப் போயிருக்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல. மிஸ்பாவுக்குக்கூட ஒரு கணம், அப்படி ஒருத்தி எங்கோ வராமல் இருப்பதுபோலத் தோன்றியது.

"அடடா" என்றாள் இளவேனிலின் அம்மா. குனிந்து மகளைப் பார்த்தாள். "ஏன் கண்ணு, எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே?"

இளவேனில் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவளை அப்படி நிற்க வைத்தது வரதராஜுலு இல்லை, தான்தான் என்பது மிஸ்பாவுக்குத் தெரிந்தது. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தானுங்க மிஸ்பா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

இளவேனிலின் அம்மா மோர் டம்ளரோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானுங்களா" என்றாள். பிறகு வரதராஜுலுவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தாள். பிடித்த கை மெதுவாகத் தளர்ந்தது. முழுக்க விடவும் இல்லை.

பேஜர்காரர்தான் முதலில் பேசினார். "உங்க பேரு மீனான்னுதானுங்க எங்க பையன் சொன்னான்?"

"இல்லீங்க. மிஸ்பா."

"எந்தப் பக்கம் உங்களுக்கு ஊடு?"

"கோட்டைமேடுங்க."

குழந்தைகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேஜர்காரர் கோபப்படவில்லை. மரியாதையாகவே சொன்னார். "நீங்க யாரா இருந்தாலும் எங்களுக்கு அதொண்ணுமில்லீங்க. ஆனா பேரை மாத்திச் சொல்லிப்போட்டீங்க பாருங்க. அதுதான் யோசனையா இருக்குது."

உண்மைப் பேரைச் சொல்லியிருந்தால் நீங்கள் அனுப்பியே இருக்கமாட்டீர்களே என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. அவர் கையில் இன்னும் அந்தப் புளியங்கொட்டை இருந்தது. அவள் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதுபோல இருந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

எல்லோரும் போனபின் வரதராஜுலு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு வாரந்தான இருந்துச்சு அம்மணி" என்றார்.

"அந்தப் புள்ளையைப் பொய் சொல்ல வெச்சுப்போட்டோமுங்க சார்."

அவர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எல்லாத்தையும் யோசிச்சேன். அதை யோசிக்கலை" என்றார்.

திங்கட்கிழமை வேன் வந்தபோது பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ஒன்பது குழந்தைகள் இறங்கினார்கள். கடைசியாக இளவேனில் இறங்கினாள். அவள் வருவாள் என்று மிஸ்பா எதிர்பார்க்கவில்லை. பேஜர்காரரின் மகன் வரவில்லை. வராதவர்களின் பெயர் எழுதிய தொப்பிகள் கொட்டகைக் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கனகம் வழக்கமான அளவு அரிசியை ஊற வைத்துவிட்டு, பிறகு பாதியை அள்ளி எடுத்தாள். வெள்ளிக்கிழமையோடு முகாமை முடித்துக்கொள்ளலாம் என்று வரதராஜுலு சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் தவளைக் குஞ்சுகளைப் பார்க்கப் போனார்கள். மற்றவர்கள் கரையோரம் சேற்றில் இறங்கிவிட, இளவேனில் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். மிஸ்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னைப் பொய்க்காரின்னு சொன்னாங்க" என்றாள் இளவேனில், தண்ணீரைப் பார்த்தபடி.

"தெரியும் கண்ணு."

"நீங்க பார்த்துட்டே இருந்தீங்க."

"ஆமா."

"ஏன் மிஸ் பேரை மாத்துனீங்க?"

குழந்தைக்குச் சொல்வதற்கு ஏற்றமாதிரி ஏதாவது பதிலை அவள் தேடினாள். கிடைக்கவில்லை. "பயமா இருந்துச்சு" என்றாள்.

"எதுக்குப் பயம்?"

"நீங்கெல்லாம் வராமப் போயிருவீங்களோன்னு."

இளவேனில் அதை யோசித்தாள். "இப்பவும்தான் வரலையே."

"ஆமா. வரலை."

"நான் வந்தேன்" என்றாள் இளவேனில். "எங்க அத்தை வேண்டாமுன்னாங்க. எங்கம்மா போகட்டும்னு சொல்லிருச்சு."

"தப்பு என்னுது இளவேனில். நீ சொன்னதுதான் நெசம். அன்னைக்கே நான் அதைச் சொல்லிருக்கோணும்."

அந்தப் பெண் பரவாயில்லை மிஸ் என்று சொல்லவில்லை. பழையபடி கட்டிக்கொள்ளவும் இல்லை. பாறையிலிருந்து இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டு, ஒரு குஞ்சைக் குழித்த உள்ளங்கையில் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு வந்தாள். "இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு கால் முளைச்சிருக்கு, மத்ததுக்கெல்லாம் வாலு மட்டும் இருக்கு?" என்று கேட்டாள். மிஸ்பா அவள் கைமேல் குனிந்து, பின்னங்கால்கள் முதலில் வருவதையும், வால் பிறகு சுருங்கிப்போவதையும் சொன்னாள். உள்ளங்கைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. முழுக்க ஒழுகுவதற்குள் திரும்ப விட்டுவிட்டார்கள்.

குழந்தைகள் குறைந்துவிட்டதால் அதுவரை தனித்தனியாகச் சுற்றிய இரண்டு குழுவும் ஒன்றாயின. மிஸ்பாவும் பிரவின்குமாரும் நாள் முழுக்கச் சேர்ந்தே வேலை செய்யவேண்டியிருந்தது. வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு டிரைவர் ஊருக்குள் போய்விட்டான். பிரவின்குமார் தட்டோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கிணற்று மேட்டின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தான்.

பாதி சாப்பிட்டபின் சொன்னான். "எங்க சித்தப்பாவுக்குக் கால் போயிருச்சுங்க."

"கனகம் சொன்னாங்க."

"உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க. அது எனக்கே நல்லாத் தெரியுது. ஆனா பேசலாம்னு வந்தா வாய் வர மாட்டீங்குது."

"இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காரா?"

"ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோமுங்க. வாசல்ல படி இருக்குது. அதுல ஏத்தி எறக்கறதுதான்." அவன் சோற்றைப் பிசைந்தான்.

தங்கள் கடை எரிந்ததைச் சொல்லலாமா என்று அவள் நினைத்தாள். அத்தா தினமும் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சொல்லலாம். அது எதற்கு எது சமம் என்று நிறுத்துப் பார்ப்பதுபோல ஆகிவிடும் என்று பட்டது. வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினாள். அவனும் தின்று முடித்து, எழுந்து, தட்டைக் கழுவினான். போகும்போது, அவள் தட்டும் காலியாகிவிட்டதா என்று பார்த்தான். அவள் நீட்டினாள். வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் டிரைவர் இருந்தான். பிரவின்குமார் அவனோடுதான் உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை வேன் ஏறும்போது ஒன்பது பேரும் கையாட்டினார்கள். இளவேனில் ஜன்னல் வழியாக, "போய்ட்டு வாரேன் மிஸ்பா மிஸ்" என்றாள். வேன் புளியமரத்து வளைவில் திரும்பி மறைந்தது. வரதராஜுலு கேட்டைப் பூட்டிவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் அம்மணி" என்றார். பார்த்துக்கலாமுங்க என்றாள். இரண்டு பேருக்கும் தெரிந்ததை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தோப்பில் முகாம் நடக்கவில்லை.

ஜூன் மாதம் காங்கேயத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. மிஸ்பா விண்ணப்பத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். நேரில் கூப்பிட்டபோது கோட்டைமேடு என்பதையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொன்னாள். தாளாளர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியும் ஆள் கிடைக்காமல் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

அத்தாவை அவள் ரியாஸிடம் திருப்பூரில் கொண்டுபோய் விட்டாள். பஸ்ஸில் முழுநேரமும் அவர் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "நீ தனியா இருந்துக்குவியாம்மா?" என்று கேட்டார்.

"இருந்துக்குவனுங்கத்தா."

காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை கிடைத்தது. காலையில் எழுந்தால் தேங்காய்ப் பருப்பு காய்கிற வாசனை. பள்ளியில் எல்லோரும் அவளை மிஸ்பா டீச்சர் என்று கூப்பிட்டார்கள். மரியாதையாக நடத்தினார்கள். மணியடித்ததும் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். பாடம் முழுக்கக் கரும்பலகையில்தான். குழந்தைகளை வெளியே கூட்டிப்போகத் தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டிருந்தாள். காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே நடந்து போவாள். மாடு மேய்கிற புல்காடுகள், கிளுவைச் செடியால் வேலி போட்டு, பார்க்கிற இடமெல்லாம் திறந்து கிடக்கும். வேலமரத்தடியில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். மனித நடமாட்டமே இருக்காது. ஒருநாள் வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு அவள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிப் பறந்தது. பக்கத்தில் குஞ்சு இருக்க வேண்டும். அசையாமல் நின்று தரையைத் துழாவிப் பார்த்தாள். முதலில் கற்கள் மட்டும்தான் தெரிந்தன. பிறகு அவற்றில் ஒரு கல்லுக்குக் கண் இருந்தது. மண்நிறத்தில், மண்ணோடு மண்ணாக ஒடுங்கி, ஒரு குஞ்சு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மிஸ்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் வாருங்கள் என்று ஒரு கையைப் பின்னால் நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் பின்னால் குழந்தைகள் யாரும் இல்லை என்பது நினைவு வந்தது. அந்தக் கையை உடனே இறக்க அவளுக்கு மனம் வரவில்லை. தாய்க்குருவி தலைக்குமேல் கத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, அது பயப்படுகிறதே என்று, வந்த வழியே மெல்லத் திரும்பி நடந்தாள்.